ஊட்டிச் சுவரில் ஒட்டிய விதிகள்



கோலி விளையாடும்போது உங்களுக்குள் சண்டை வந்திருக்கிறதா? வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்! கோலிக்கும் கிட்டிப்புள்ளுக்கும் தெருவுக்குத் தெரு விதி மாறும். விடுமுறைக்கு வரும் மாமா பையன், தன் ஊரில் இப்படி ஆடுவதில்லை என்பான். நாம் ஒன்று சொல்ல, அவன் ஒன்று சொல்ல, அழுகுணி ஆட்டம் என்று பெயர் சூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம்.

இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. விதிகளை எழுதி வைக்க வேண்டும். எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டில் நம் நீலகிரி மலையில் ஒரு இளைஞர் அதைத்தான் செய்தார். அந்த விளையாட்டை இன்று உலகம் முழுவதும் ஆடுகிறார்கள். விளையாட்டின் பெயர் ஸ்நூக்கர். இளைஞரின் பெயர் நெவில் பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரால்டு சேம்பர்லின்.

வரலாற்றுப் பாடத்தில் இன்னொரு நெவில் சேம்பர்லினைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவர் இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது இங்கிலாந்தின் பிரதமராக இருந்தவர். நம் கதையின் நாயகர் அவர் அல்லர். அதே பெயர் கொண்ட ராணுவ அதிகாரி. தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்!

படைக்குடும்பத்துப் பிள்ளை

சேம்பர்லின் 1856-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை இந்தியாவில் பணியாற்றிய ராணுவ அதிகாரி. பெரியப்பா ஒருவர் பீல்டு மார்ஷல் என்ற மிக உயர்ந்த பதவிவரை சென்றவர். அவருடைய பெயரும் நெவில்தான்! அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை வேறு எங்கே போவார்? பள்ளிப் படிப்பு முடிந்ததும் சான்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். 1873-இல் டெவன்ஷயர் படைப்பிரிவில் இளநிலை அதிகாரியானார். அந்தப் படைப்பிரிவுடன் இந்தியாவுக்கு வந்தார்.

மழை தந்த விளையாட்டு

1875-ஆம் ஆண்டு. மத்திய இந்தியாவில் உள்ள ஜபல்பூர் நகரம். மழைக்காலம். நம் கூடலூரிலும் பந்தலூரிலும் ஆடி மாதத்தில் பெய்வதுபோல மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. குதிரையேற்றம் இல்லை, வெளியே எந்த விளையாட்டும் இல்லை. இளம் அதிகாரிகள் தங்கள் விடுதியில் அடைந்து கிடந்தார்கள். நாம் என்றால் தாயமோ பல்லாங்குழியோ எடுத்து வைப்போம். அவர்களுக்கு இருந்தது பில்லியர்ட்ஸ் மேசை.

பில்லியர்ட்ஸ் மேசையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 12 அடி நீளம், 6 அடி அகலம். மேலே பச்சை நிறக் கம்பளித் துணி. அதன் அடியில் கனமான கற்பலகை. நான்கு மூலைகளிலும் இரண்டு நீளப் பக்கங்களின் நடுவிலும் ஆக ஆறு பைகள். நீண்ட கோலால் ஒரு பந்தைத் தட்டி, அதைக்கொண்டு மற்றொரு பந்தைப் பைக்குள் விழச் செய்ய வேண்டும். கட்டைவிரலை ஊன்றிக் கோலியைச் சுண்டுகிறீர்களே, அதே கண்ணும் கையும்தான் இங்கும் தேவை.

அந்த மேசையில் அப்போது பலவகை ஆட்டங்கள் ஆடினார்கள். ஒன்றில் 15 சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாகப் பைக்குள் தள்ளுவார்கள். இன்னொன்றில் ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு நிறப் பந்தை வைத்துக்கொண்டு, ஒருவர் பந்தை மற்றவர் வீழ்த்துவார்கள். வேறொன்றில் கறுப்புப் பந்து ஒன்றும் உண்டு. காசு வைத்து ஆடுவதும் அந்த விடுதிகளில் சாதாரணமாக இருந்தது.

தினமும் ஒரே ஆட்டம் என்றால் சலிக்கத்தானே செய்யும்? 19 வயது சேம்பர்லினுக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த ஆட்டங்களை ஒன்றாகச் சேர்த்தால் என்ன? 15 சிவப்புப் பந்துகளுடன் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, கறுப்புப் பந்துகளையும் மேசையில் வைத்தார். நண்பர்கள் ஆடிப் பார்த்தார்கள். பிடித்துப் போயிற்று! நீலமும் பழுப்பும் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்து சேர்ந்தன.

கவனித்தீர்களா? ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து அவர் எதையும் படைத்துவிடவில்லை. இருந்தவற்றைச் சேர்த்தார். புதிய விளையாட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன.

கற்றுக்குட்டி என்றொரு பெயர்

புதிய ஆட்டத்துக்குப் பெயர் வேண்டுமே! ஒருநாள் பீரங்கிப் படையைச் சேர்ந்த இளம் அதிகாரி ஒருவர் அந்த விடுதிக்கு வந்திருந்தார். இங்கிலாந்தின் உல்விச் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் முதலாண்டு மாணவர்களைக் கேலியாக ஸ்நூக்கர் என்று அழைப்பார்கள் என அவர் பேச்சுவாக்கில் சொன்னார். நம் தமிழில் கற்றுக்குட்டி என்று சொல்கிறோமே, அதைப்போல.

சற்று நேரத்தில் ஓர் ஆட்டக்காரர் எளிதான பந்து ஒன்றைத் தவறவிட்டார். சேம்பர்லின் அவரை ஸ்நூக்கர் என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். கேலிக்கு ஆளானவரின் முகம் வாடிவிடக் கூடாது அல்லவா? இந்தப் புதிய ஆட்டத்தில் நாம் அனைவருமே கற்றுக்குட்டிகள்தான், ஆகவே ஆட்டத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிடலாம் என்று உடனே சமாதானம் சொன்னார். அந்தப் பெயரே நிலைத்தது!

போர்க்களத்திலிருந்து நீலகிரிக்கு

அடுத்த ஆண்டே சேம்பர்லின் மத்திய இந்தியக் குதிரைப்படைக்கு மாறினார். 1878-இல் ஆப்கானிஸ்தானில் போர் மூண்டது. சேம்பர்லின் தளபதி ராபர்ட்ஸின் கீழ் பணியாற்றினார். 1880-இல் காந்தகாரில் நடந்த சண்டையில் சிறு காயமும் அடைந்தார்.

1881-இல் ராபர்ட்ஸ் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியானார். சேம்பர்லினும் அவருடைய உதவி அதிகாரியாக உடன் வந்தார். அக்காலத்தில் கோடை தொடங்கியதும் சென்னை மாகாணத்தின் ஆளுநர், தளபதி, அலுவலர்கள் எல்லோரும் வெயிலுக்குப் பயந்து உதகமண்டலத்துக்கு ஏறிவிடுவார்கள். இன்று நாம் ஏறும் மலை ரயில் அப்போது இல்லை. அது குன்னூருக்கு வந்தது 1899-இல். உதகைக்கு வந்தது 1908-இல். மேட்டுப்பாளையம்வரை ரயில், அதன்பின் குதிரையும் வண்டியும்தான்.

உதகையில் ஆங்கிலேயர் கூடும் இடமாக இருந்தது ஊட்டி கிளப். வெள்ளைத் தூண்களுடன் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் அறை. ஜபல்பூரில் பிறந்த ஆட்டம் சேம்பர்லினுடன் அந்த அறைக்குள் நுழைந்தது. கோடையில் பல ஊர்ப் படைகளிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். தோட்ட முதலாளிகளும் வந்தார்கள். எல்லோரும் ஸ்நூக்கர் ஆட ஆசைப்பட்டார்கள்.

இங்கேதான் நம் கோலிச் சண்டை வருகிறது! ஜபல்பூரில் ஆடியவர்கள் ஒரே விடுதி நண்பர்கள். விதி எல்லோருக்கும் வாய்ப்பாடமாக இருந்தது. ஊட்டியிலோ பல ஊர்க்காரர்கள், புதியவர்கள். எந்தப் பந்துக்கு எத்தனை புள்ளி? எதை முதலில் அடிக்க வேண்டும்? தவறு செய்தால் என்ன தண்டனை? வாய்வார்த்தையாக இருக்கும்வரை ஆளுக்கொரு விதியாகிவிடும் அல்லவா?

ஆகவே 1882-இல் சேம்பர்லின் விதிகளை எழுதினார். அவை பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் இடம்பெற்றன. அப்போது அவருக்கு வயது 26. சுவரில் இருந்த விதி தளபதிக்கும் ஒன்றுதான், நேற்று வந்த இளம் அதிகாரிக்கும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தாலும், கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. அக்காலத்து ஆங்கிலேயர் கிளப்களுக்குள் பெரும்பாலும் பணியாளர்களாக மட்டுமே இந்தியர் நுழைய முடிந்தது. மேசையைத் துடைத்துப் பந்துகளை எடுத்து வைத்தவர்கள் நம்மவர்கள். கோலைப் பிடித்து ஆடியவர்கள் அவர்கள்.

அதே ஆண்டில் அமெரிக்காவில்

ஓர் ஒற்றுமையைக் கேளுங்கள். ஊட்டியில் விதி எழுதப்பட்ட அதே 1882-இல், உலகின் மறுபக்கத்தில் 23 வயதான இன்னொரு இளைஞரும் ஒரு விதியை எழுதிக்கொண்டிருந்தார். அவர் பெயர் வால்டர் கேம்ப். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்.

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அதை வளர்த்தவை அங்குள்ள கல்லூரிகள். 1869-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகள் அணிக்கு 25 பேருடன் மோதியதையே முதல் கல்லூரி ஆட்டம் என்கிறார்கள். ஆனால் விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறின. கேம்ப் அவற்றை ஒழுங்குபடுத்தினார். 1880-இல் அணிக்கு 11 பேர் என்ற விதி வந்தது.

மறு ஆண்டு ஒரு வேடிக்கை நடந்தது. யேல், பிரின்ஸ்டன் ஆட்டத்தில் முதல் பாதி முழுவதும் ஓர் அணி பந்தை விடாமல் வைத்துக்கொண்டது. மறுபாதி முழுவதும் மற்ற அணி வைத்துக்கொண்டது! பார்க்க வந்தவர்கள் சலித்துப் போனார்கள். எனவே 1882-இல் கேம்ப் முயற்சியால் புதிய விதி வந்தது. மூன்று வாய்ப்புகளுக்குள் 5 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். இன்று அது நான்கு வாய்ப்பு, 10 கெஜம் என்று மாறியிருக்கிறது.

அந்த ஆட்டம் முரட்டுத்தனமாகவும் வளர்ந்தது. 1905-ஆம் ஆண்டில் மட்டும் குறைந்தது 18 பேர் அந்த ஆட்டத்தால் உயிரிழந்தார்கள். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை அழைத்துப் பேசினார். 1906-இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்பது உள்ளிட்ட புதிய விதிகள் வந்தன. ஒருவர்மேல் ஒருவர் குவிந்து விழுவதைக் குறைத்து, ஆட்டத்தைப் பரவலாக்கவே அந்த மாற்றம்.

மாற்றம் அத்துடன் நிற்கவில்லை. கல்லூரி வீரர்கள் ஆட்டத்துக்காகப் பணம் வாங்கக் கூடாது என்று நெடுங்காலம் விதி இருந்தது. அரங்கு நிறையக் கூட்டம், கோடிக்கணக்கில் வருமானம். ஆனால் ஆடும் மாணவனுக்குப் பங்கு இல்லை. 2021-இல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரங்களில் பயன்படுத்தவிட்டுச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாயிற்று. அதேசமயம், அதிக வருமானத்தைத் தேடிப் பசிபிக் கரைக் கல்லூரிகள் சில, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியுள்ள கல்லூரிகளின் போட்டிக் குழுவில் 2024-இல் சேர்ந்துவிட்டன. இதெல்லாம் நல்லதா கெட்டதா என்று அந்நாட்டவர் இன்றும் வாதிடுகிறார்கள்.

ஊட்டியில் எழுதிய விதிகளும் அப்படியே நின்றுவிடவில்லை. வாருங்கள், சேம்பர்லினிடம் திரும்புவோம்.

கடல் கடந்த ஆட்டம்

1885-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் ராபர்ட்ஸ் இந்தியா வந்தார். இவர் தளபதி ராபர்ட்ஸ் அல்லர். இவரும் வேறு ஆள்! கல்கத்தாவில் ஒரு விருந்தில் அவர் சேம்பர்லினைச் சந்தித்தார். இப்படி ஓர் ஆட்டம் இருப்பதைக் கேள்விப்பட்டு, அதன் விதிகளை விவரமாகக் கேட்டறிந்தார். இந்தியாவில் பிறந்த ஆட்டம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

அங்கே விதிகள் மெல்ல மெல்லத் திருத்தப்பட்டன. 1927-இல் முதல் உலகத் தொழில்முறைப் போட்டி நடந்து முடிந்தது. வென்றவர் ஜோ டேவிஸ். பரிசு எவ்வளவு தெரியுமா? ஆறரைப் பவுண்டு மட்டுமே! இன்று அதே உலகப் போட்டியில் வெல்பவருக்கு ஐந்து லட்சம் பவுண்டு கிடைக்கிறது.

அயர்லாந்தில்

சேம்பர்லின் விளையாட்டையே தொழிலாகக் கொள்ளவில்லை. கைபர் கணவாய்ப் படைக்குத் தலைமை தாங்கினார். தென்னாப்பிரிக்கப் போரில் ராபர்ட்ஸின் செயலாளராக இருந்தார். 1900-இல் அயர்லாந்தின் காவல்படைத் தலைவரானார். 1903-இல் சர் பட்டமும் பெற்றார்.

அயர்லாந்து அப்போது நம் நாட்டைப் போலவே ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. அம்மக்களும் விடுதலை கேட்டார்கள். அவர்களை அடக்கும் பக்கத்தில்தான் சேம்பர்லின் நின்றார். 1916-இல் டப்ளின் நகரில் ஈஸ்டர் எழுச்சி என்ற பெரும் கிளர்ச்சி வெடித்தது. அதன் பிறகு அதே ஆண்டில் அவர் பதவி விலகினார். ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படிக்கும்போது அவர் செய்த நல்லதையும், அவர் யார் பக்கம் நின்றார் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

82 வயதில் ஒரு கடிதம்

ஆண்டுகள் உருண்டன. ஸ்நூக்கர் இங்கிலாந்து முழுவதும் பரவிவிட்டது. அது எங்கே பிறந்தது என்பது மட்டும் மறந்துபோயிற்று. வேறு இடத்தில், வேறு ஆட்களால் தொடங்கப்பட்டது என்றுகூடச் சொல்லத் தொடங்கினார்கள்.

முதியவரான சேம்பர்லின் அதைக் கண்டு சும்மா இருக்கவில்லை. 1938-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஃபீல்டு என்ற இதழுக்குக் கடிதம் எழுதினார். ஜபல்பூர் மழைக்காலம், சேர்த்த பந்துகள், கேலியாக வைத்த பெயர், ஊட்டிச் சுவரில் இடம்பெற்ற விதிகள் என்று நடந்ததை நடந்தபடி விவரித்தார். அவருடன் இந்தியாவில் பணியாற்றிய முதிய அதிகாரிகள் சிலரும் அது உண்மைதான் என்று சாட்சி சொன்னார்கள். மறு ஆண்டு காம்ப்டன் மெக்கன்சி என்ற எழுத்தாளர், பில்லியர்ட்ஸ் இதழ் ஒன்றில் இந்த வரலாற்றை எழுதினார். அதன்பின் ஸ்நூக்கரின் தந்தை சேம்பர்லின் என்பதும், ஜபல்பூருக்கும் ஊட்டிக்கும் அதில் பங்கு உண்டு என்பதும் பரவலாக ஏற்கப்பட்டன.

63 ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்கு வேறு என்ன சாட்சி இருக்க முடியும்? உயிரோடு இருந்தவர்களின் நினைவுதான். அவர் மௌனமாக இருந்திருந்தால், நம் மலைக்கு உரிய பெருமை நமக்கே தெரியாமல் போயிருக்கும். 1944-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் தம் 88-ஆம் வயதில் சேம்பர்லின் இங்கிலாந்தில் காலமானார்.

கதவு திறந்தது

இப்போது ஒரு கணக்குப் போடுவோமா? ஸ்நூக்கரில் சிவப்புப் பந்துக்கு 1 புள்ளி. மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. ஒவ்வொரு சிவப்புக்குப் பிறகும் ஒரு நிறப் பந்தை அடிக்கலாம். அது மீண்டும் மேசைக்கு வந்துவிடும். 15 சிவப்புகளுக்கும் பின்னால் கறுப்பையே அடித்தால் 15 × 8 = 120. கடைசியில் ஆறு நிறங்களையும் வரிசையாக வீழ்த்தினால் 27. ஆக மொத்தம் 147. எதிராளி தவறு செய்யாமல், ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி இதுதான். தொழில்முறைப் போட்டியில் அதிகாரபூர்வமாக முதன்முதலில் 147 எடுத்தவர் ஸ்டீவ் டேவிஸ். ஆண்டு 1982. ஊட்டியில் விதி எழுதி அப்போது சரியாக 100 ஆண்டுகள்!

ஒரு காலத்தில் பந்து எடுத்துக் கொடுக்க மட்டுமே உள்ளே விடப்பட்ட நம்மவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1958-இல் வில்சன் ஜோன்ஸ் பில்லியர்ட்ஸில் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றார். 1984-இல் ஓம் அகர்வால் ஸ்நூக்கரில் அதே பட்டத்தை வென்றார். பங்கஜ் அத்வானி இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 25-க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களைக் குவித்திருக்கிறார். 2025 நவம்பரில் கத்தார் நாட்டின் தோஹா நகரில், சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் பெண்களுக்கான உலக ஸ்நூக்கர் பட்டத்தை வென்றார்.

இதற்கெல்லாம் காரணம் என்ன? விதி ஒருவரின் மனத்தில் மட்டும் இருந்தால் ஆட்டம் அவருடைய நண்பர்களுக்கு மட்டுமே சொந்தம். எழுதி வைத்துவிட்டால் அது யாருக்கும் சொந்தமாகலாம். எழுதியவர் நினைத்துப் பார்க்காதவர்களும் வந்து ஆடலாம், வெல்லவும் செய்யலாம்.

விதி எழுதியாகிவிட்டது என்பதற்காக அது கல்வெட்டும் அல்ல. ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றாலோ, ஒருவருக்கு அநியாயம் என்றாலோ அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஆட்டத்தின் நடுவில், தோற்கும்போது, நமக்குச் சாதகமாக மாற்றக் கூடாது. எல்லோரும் கூடிப் பேசி, ஆட்டம் தொடங்கும் முன் மாற்ற வேண்டும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள், செல்வங்களே. உங்கள் தெருவில் ஆடும் ஏதாவது ஓர் ஆட்டத்தின் விதிகளை நண்பர்களுடன் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். பத்து விதி போதும். எழுதும்போதே எத்தனை சந்தேகங்கள் வருகின்றன பாருங்கள்! தாத்தா பாட்டியிடமும் கேளுங்கள். அவர்கள் காலத்தில் எப்படி ஆடினார்கள் என்று சொல்வார்கள். அதையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை மாமா பையன் வரும்போது, அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள்!